எட்டி கோர்டோவை எடுத்தா அது ஆட்டமே இல்லையா? மலைக்காரங்க வந்து சொல்லுங்க

கோத்தகிரி_கிக்

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல கிடக்கற விஷயம், இன்னிக்கு எழுதிடறேன். போன ஞாயித்துக்கிழமை விடாத மழை, வெளிய போக வழியில்ல, அக்கா வீட்டுல அக்கா பையனோட டெக்கன் 8 ஆடினேன், ரெண்டு பேர் மோதிக்கற சண்டை வீடியோ கேம். நான் எட்டி எடுத்தேன், அதுல உதையாலயே சண்டை போடற பிரேசில்காரன். மூணு மேட்ச் வரிசையா ஜெயிச்சேன், நாலாவது லோட் ஆகறதுக்குள்ள அவன் கன்ட்ரோலரை சோபா மேல வச்சுட்டு "எட்டி எடுத்தா அது ஆட்டமே இல்ல மாமா, சும்மா பட்டனைத் தட்டறீங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அவனுக்கு பதினாறு வயசு. இதே வார்த்தையை அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே, 2002ல, டானிங்டன் பக்கம் ஒரு வீடியோ கேம் கடையில கேட்டிருக்கேன்.

அந்தக் கடையைப் பத்தி சொல்லணும். தகரக் கூரை, 14 இஞ்ச் டிவி ரெண்டு, பிளேஸ்டேஷன் ஒண்ணு ரெண்டு, அரை மணி பத்து ரூபா. மழை பேஞ்சா கூரை சத்தத்துல டிவி சத்தம் கேக்காது, எட்டி உதைக்கறதை கண்ணால மட்டும்தான் பாக்கணும். பக்கத்து பேக்கரியில வர்க்கி வாங்கித் தின்னுட்டு அந்தக் கையோடவே கன்ட்ரோலரைப் பிடிப்போம், அதனால வர்க்கித் தூள் பட்டன் இடுக்குல எல்லாம் போய் ஒட்டிக்கும். அந்த கன்ட்ரோலரை இப்பவும் என்னால வரைஞ்சு காட்ட முடியும். ட்ரையாங்கிள், ஸ்கொயர் ரெண்டும் புதுசு மாதிரி பளிச்சுனு இருக்கும், எக்ஸும் ஓவும் மட்டும் எழுத்தே தெரியாம வழவழன்னு தேஞ்சு கிடக்கும், ஓ பட்டனை அமுக்கினா திரும்பி மேல வர ஒரு நொடி யோசிக்கும். எக்ஸும் ஓவும்தான் உதை பட்டன், அத்தனையும் எட்டி பண்ண வேலை. ஒரு நாள் கடைக்காரண்ணன் பிஸ்கட் டப்பா அட்டையைக் கிழிச்சு ஸ்கெட்ச் பேனாவுல எழுதி மாட்டிட்டாரு: "எட்டி, டைகர் எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு திரும்பக் கிடைக்காது."

டைகர்ங்கறது எட்டி மாதிரியே உதைக்கற இன்னொரு ஆளு. அன்னிக்கு நான் வீட்டுக்கு அழுதுட்டே நடந்து போனேன், ஏன்னா எனக்கு ஆடத் தெரிஞ்ச ஒரே ஆளு எட்டிதான். சின்ன வயசுல எட்டி உதைக்கறதாலதான் அவனுக்கு எட்டின்னு பேருன்னே நம்பிட்டிருந்தேன், அது நிஜப் பேருன்னு தெரிஞ்சப்போ கொஞ்சம் ஏமாத்தமாக்கூட இருந்துச்சு.

என் வாதம் இதுதான். பட்டன் தட்டறவனுக்கும் எட்டி வேலை செய்வான், அது நூத்துக்கு நூறு உண்மை, நான் மறுக்கல. ஆனா அதோட அவன் முடிஞ்சு போறான், அதுக்கு மேல அவன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் தப்பு. இருவது வருஷத்துக்கு மேல ஆடிட்டு சொல்றேன், டெக்கன்ல எட்டியை நல்லா ஆடறது பால்ங்கற கேரக்டரை ஆடறதை விட கஷ்டம். வாங்க பேசுவோம்.

பனிக்காலம்_ஊட்டி

நண்பா, உங்க பாசம் புரியுது, ஆனா நான் அந்த அட்டை பக்கம்தான் நிக்கறேன். எங்க ஊர்ல அட்டை எழுதல, ஆனா எட்டி எடுத்தா அடுத்த ஆள் உக்கார மாட்டான், அதுவே சட்டம் மாதிரி.

எட்டி பழுத்தென்னன்னு பெரியவங்க சும்மா சொல்லல. பாக்க அழகா இருக்கும், கையில நிக்கறான், சுத்தறான், படுத்துக்கிட்டே உதைக்கறான், ஆனா எதிர்ல உக்காந்திருக்கறவனுக்கு அது கசப்புதான். நான் ஹுவாராங்னு இன்னொரு கேரக்டரைக் கத்துக்க ஒரு லீவு முழுக்க செலவு பண்ணினேன். டிசம்பர் லீவு, ராத்திரி உறைபனி, காலையில புல்லு எல்லாம் வெள்ளையா கிடக்கும், விரல் மடங்காது, டீ கிளாஸை ரெண்டு கையிலயும் பிடிச்சு சூடு பண்ணிக்கிட்டு ஆடுவேன். அப்படிக் கத்துக்கிட்டு வந்து உக்காந்தா பக்கத்து தெரு பையன், முதல் தடவை கன்ட்ரோலர் பிடிக்கறவன், ஓ ஓ எக்ஸ் ஓன்னு தட்டி என்னைத் தோக்கடிக்கறான். அவனுக்கே அவன் என்ன பண்ணான்னு தெரியாது, கேட்டா சிரிக்கறான். தோத்தது வலிக்கலீங்க, என்ன நடந்துச்சுன்னு தெரியாம தோத்ததுதான் வலி. மத்த கேரக்டர்கிட்ட தோத்தா ஏதாவது கத்துக்கலாம், எட்டிகிட்ட தோத்தா கத்துக்க ஒண்ணுமே இல்ல.

கொடை_மேகம்

கொடைக்கானல்லருந்து. நான் 2003லருந்து சில வருஷம் ஏரிக்குப் போற ரோட்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் வச்சிருந்தேன், அதனால கடைக்காரன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன் தம்பிகளா.

என்கிட்ட பிளேஸ்டேஷன் கிடையாது, கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் (பிளேஸ்டேஷன் கேமை கம்ப்யூட்டர்ல ஓட வைக்கற சாஃப்ட்வேர்) போட்டு டெக்கன் 3 ஓட்டுவோம். கன்ட்ரோலர் வாங்க காசு இல்ல, ரெண்டு பேரும் ஒரே கீபோர்டுதான். இடது பக்கம் ஒருத்தன், வலது பக்கம் நம்பர் பேடுல ஒருத்தன், தோளோட தோள் இடிச்சுக்கிட்டு உக்காருவாங்க. இதுல ஒரு விஷயம் இருக்கு, எனக்கே ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. அந்தக் காலத்து சாதா கீபோர்டுல ஒரே நேரத்துல மூணு நாலு கீ சேர்ந்து அமுங்கினா சிலது பதிவே ஆகாது. ஒருத்தன் கீழ் குறுக்கு (கீழ் கீயும் பக்கத்து கீயும் சேர்த்து) அமுக்கி அதோட ஒரு குத்து பட்டனும் அமுக்கறான்னா அதுவே மூணு கீ, எதிராளி பின்னாடி கீயை அமுக்கிப் பிடிச்சிருந்தா நாலு. பால் எடுத்தவன், கிங் எடுத்து பிடி போடப் பாக்கறவன், எல்லாருக்கும் மூவ் வராது. "அண்ணா கீபோர்டு சரியில்ல"ன்னு கத்துவாங்க, நானும் தலைகீழா கவுத்து தட்டி தூசி எல்லாம் எடுத்துக் குடுப்பேன்.

எட்டி எடுத்தவனுக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்ல. ஏன்னா அவன் உதை பட்டனை ஒவ்வொண்ணா தட்டறான், ஒரு நேரத்துல ஒரு கீ, அது பெரும்பாலும் பதிவாகும். அதனால எங்க ஊர்ல எட்டி ஜெயிச்சதுல பாதி அந்த ஓட்டைக் கீபோர்டு ஜெயிச்சது. மத்தவங்களுக்கு ஒரு கையைக் கட்டிட்டு எட்டிக்கு மட்டும் ரெண்டு கையும் அவுத்து விட்ட மாதிரி. அதைப் பாத்துட்டு எட்டி பயங்கரமான ஆளுன்னு ஒரு பேரு கட்டிட்டோம். பனிக்காலம் தம்பி, உங்க ஊர்ல கன்ட்ரோலர் எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. குறுக்கு பட்டன் தேஞ்சு போன கன்ட்ரோலர்லயும் இதே கதைதான்.

பனிக்காலம்_ஊட்டி

அண்ணா இது நான் யோசிக்கவே இல்ல. எங்க கடையில இருந்தது ஒரிஜினல் கூட இல்ல, ஏதோ கம்பெனி பேர் தெரியாத கன்ட்ரோலர், கீழ் குறுக்கு அமுக்கினா பாதி நேரம் வெறும் கீழ்தான் வரும். சரி, டெக்கன் 3 காலத்தை விட்டுடறேன். ஆனா டெக்கன் 7, 8லயும் ஜனங்க எட்டின்னா முகம் சுளிக்கறாங்களே, அதுக்கும் கீபோர்டா காரணம்?

கோத்தகிரி_கிக்

கொடை அண்ணா, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு எந்திரிச்சு ஒரு நடை நடந்துட்டு வந்தேன். அந்தத் தேஞ்ச ஓ பட்டனை இத்தனை வருஷம் எட்டி ஈஸியான ஆளுங்கறதுக்கு சாட்சியாவே பாத்துட்டு இருந்தேன். மத்த பட்டன் புதுசா இருந்ததுக்குக் காரணம் மத்த மூவ் வராததுன்னு தோணவே இல்ல.

பனிக்காலம், உங்க கேள்விக்கு வரேன், ஆனா அதுக்கு எட்டி எப்படி வேலை செய்யறான்னு ஒழுங்கா சொல்லணும், கொஞ்சம் நீளமாப் போகும்.

டெக்கன்ல ஹைன்னா தலைக்கு வர்ற அடி, மிட்னா நடு உடம்புக்கு வர்றது, லோன்னா காலுக்கு வர்றது. நின்னு தடுத்தா ஹை, மிட் ரெண்டும் தடுக்கும், லோ விழும். உக்காந்து தடுத்தா லோ தடுக்கும், மிட் விழும். ஆட்டத்தோட அடிப்படையே இதுதான். எட்டியோட உதைகள்ல லோவும் மிட்டும் மாத்தி மாத்தி வரும், அதுவும் பாக்க ரெண்டும் ஒரே மாதிரி சுத்தறதாத் தெரியும். புதுசா ஆடறவன் நின்னுட்டே இருப்பான், காலுல அடி விழும். பயந்து உக்காருவான், தலையில விழும். அதுக்குள்ள பாதி உசுரு போயிடும். எதிராளிக்குத் தெரியாத இடத்துல எட்டி அடிக்கறான், அவனோட பெரிய பலம் அதுதான், நான் மறைக்கல. அதுக்கு மேல, படுக்கற நிலை, கையில நிக்கற நிலைன்னு ரெண்டு வச்சிருக்கான், படுத்துட்டா நேரா வர்ற குத்தெல்லாம் மேல பறந்து போயிடும்.

இப்ப பலவீனம். படுத்திருக்கும்போதும் கையில நிக்கும்போதும் எட்டியால தடுக்க முடியாது. இதை எத்தனை பேர் யோசிச்சிருக்கீங்க? மத்த கேரக்டர் எல்லாம் பட்டனை விட்டாலே தானா தடுக்கும், எட்டி அந்த நிலையில இருந்தா கேடயத்தைக் கீழ போட்டுட்டு நிக்கற மாதிரி. அங்க ஒரு வேகமான மிட் வச்சா அவன் வேலை கெட்டது. அப்புறம் அவனோட பெரிய லோ, அந்த ஆளையே கவுக்கற சுத்து உதை இருக்கே, அதைத் தடுத்துட்டா எந்திரிச்சுக்கிட்டே மேல தூக்கற அடி ஒண்ணு வச்சு முழு கோம்போ (விடாம தொடர்ந்து அடிக்கற அடி வரிசை) போடலாம். சின்ன சின்ன லோ எல்லாம் கொசுக்கடி, அதுக்கு பயந்து உக்காரவே கூடாது, வாங்கிக்கிட்டு நிக்கணும். இன்னொரு விஷயம், எதிராளி தப்பு பண்ணும்போது உடனே திருப்பி அடிக்கற அடி எட்டிகிட்ட மத்தவங்க அளவுக்கு பலம் கிடையாது. எதிராளி தப்பு பண்ணினா பால் பெரிய லாபம் எடுப்பான், எட்டி சில்லறை எடுப்பான். அதனால எட்டி ஆடறவன் பொறுமையா காத்திருந்து ஜெயிக்க முடியாது, அவனே போய் ஆபத்துல தலையைக் குடுக்கணும். தெரிஞ்ச ஆள்கிட்ட எட்டி எடுத்துட்டுப் போனா ஒவ்வொரு உதையும் சூதாட்டம்தான், நான் அதை அனுபவிச்சு சொல்றேன், ஒரு தடவை கோயம்புத்தூர்ல ஃப்ரெண்டு ரூம்ல ஒருத்தர் என்னை எட்டு மேட்ச் வரிசையா ஜெயிச்சாரு, ஒரே ஒரு மிட் குத்தும் லோ பாரியும் (லோவைத் தட்டி விட்டு ஆளைக் கவுக்கறது) மட்டும் வச்சு.

கூடலூர்_பையன்

அண்ணா நான் டெக்கன் 8 மட்டும்தான் ஆடிருக்கேன், காலேஜ் செகண்ட் இயர். டெக்கன் 8 வந்தப்போ 32 பேரு இருந்தாங்க எட்டி இல்ல, அப்புறம் 2024 ஏப்ரல்ல முதல் டிஎல்சியா (கேம் வந்தப்புறம் தனியா சேர்க்கற கேரக்டரா) எட்டியைத்தான் விட்டாங்க. நான் அதுவரைக்கும் அவனைப் பாத்ததே இல்ல, ட்ரெய்லர் பாத்து செம்ம கேரக்டர்னு நெனச்சேன், ஆனா கமெண்ட்ல பாத்தா பாதி பேர் "வந்துட்டான்டா எங்க எட்டி"ன்னு கொண்டாடறாங்க, பாதி பேர் "மறுபடியும் இவனா"ன்னு திட்டறாங்க. எனக்கு ஏன்னே புரியல.

நான் எட்டி மெயின் இல்ல (எப்பவும் எட்டியையே எடுக்கறவன் இல்ல), ஆனா அவனுக்கு எதிரா ஆன்லைன்ல ஆடறது எனக்கு நரகம். காரணம் இதுதான், எங்க வீட்டுல கேபிள் நெட் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான், ஜூன் ஜூலையில தென்மேற்கு மழை பிடிச்சா சிக்னல் வரும் போகும், கரண்ட்டும் அப்படித்தான். டெக்கன் 8ல ரோல்பேக் (நெட்டு தாமதமானா எதிராளி அடுத்து பண்றதை ஊகிச்சு ஓட்டறது) இருக்கு, லேக் ஆனாலும் ஓடும், ஆனா எதிராளி உதைக்க ஆரம்பிக்கற முதல் சில ஃபிரேம் (திரையில அடுத்தடுத்து வர்ற படம்) நமக்குத் தெரியாமலே தாண்டிக் குதிச்சு வரும். ஜின்ங்கற கேரக்டர் குத்தினா கூட சமாளிச்சுடுவேன், எட்டி சுத்தற உதைக்கு ஆரம்பம்தான் அடையாளம், அந்த ஆரம்பமே காணோம்னா நான் எதைப் பாத்து உக்காருவேன்? இதுக்கு வழி இருந்தா சொல்லுங்க அண்ணா.

கோத்தகிரி_கிக்

தம்பி நீ கேட்டது ரொம்ப சரியான கேள்வி. கணக்காவே பாப்போம். டெக்கன் நொடிக்கு 60 ஃபிரேம். சாதா ஜாப் (சட்டுனு விடற குத்து) 10 ஃபிரேம்ல வரும், அதாவது நொடியில ஆறுல ஒரு பங்கு, அதைப் பாத்து யாராலயும் தடுக்க முடியாது, ஊகிச்சுதான் தடுக்கணும். மெதுவா வர்ற லோ 20 ஃபிரேமுக்கு மேல எடுக்கும், நொடியில மூணுல ஒரு பங்கு, பழகினவன் பாத்து தடுக்கலாம். இப்ப உன் நெட்டு அதுல நாலஞ்சு ஃபிரேமை முழுங்கிட்டா, பாத்து தடுக்க வேண்டிய உதை பாக்க முடியாத உதையாயிடுது. பாத்து தடுக்கணும்னு செஞ்ச உதை நிறைய வச்சிருக்கற ஆளு எட்டி, அதனால லேக்ல அதிகமா லாபம் அவனுக்குத்தான். இதை நான் ஒத்துக்கறேன், இது நியாயமான குறை. ஆனா இது உன் நெட்டோட தப்பு, எட்டியோட தப்பு இல்ல.

மழை நாள்ல ஆன்லைன் ஆடாத. ப்ராக்டிஸ் மோட்ல எதிராளியை எட்டியா வை, ரெக்கார்ட்ல போய் மூணு விஷயம் பதிவு பண்ணு, ஒரு சின்ன லோ, அந்தப் பெரிய சுத்து லோ, ஒரு மிட். மூணையும் மாத்தி மாத்தி வர்ற மாதிரி போடு. சின்ன லோ வந்தா வாங்கிக்கோ. மிட் வந்தா நின்னு தடு. பெரிய லோ வரும்போது மட்டும் கீழ் முன் குறுக்கு தட்டு, அதுதான் லோ பாரி, இப்ப எல்லா கேரக்டருக்கும் இருக்கு. அவன் கவுந்து விழுவான், அதுக்கு மேல நீ கோம்போ போடலாம். பெரிய லோவுக்கு முன்னாடி அவன் தோள் ஒரு பக்கமா சாயறதைக் கவனி, கால்ல கண்ணு வைக்காத. எனக்கு இது பழக ரெண்டு வாரம் ஆச்சு.

வெலிங்டன்_விசில்

நான் ஒரு பொண்ணு, இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நீங்க சொல்ற கேம் கடைக்குள்ள நான் கால் வச்சதே இல்ல. குன்னூர்ல பெட்ஃபோர்டு பக்கம் ஒண்ணு இருந்துச்சு, ஸ்கூல் விட்டு வரும்போது வாசல்ல நின்னு எட்டிப் பாப்போம், உள்ள போகக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிருந்தாங்க. அண்ணன் பிளேஸ்டேஷன் 2 வாங்கினப்புறம்தான் ஆடினேன், டெக்கன் 4, அதுல கிறிஸ்டிங்கற பொண்ணு கேரக்டர்.

இங்க யாரும் கிறிஸ்டியைப் பத்தி பேசாததால எழுதறேன். டெக்கன் 4ல எட்டியோட இடத்துக்கு கிறிஸ்டி வந்தா, எட்டியை அவளோட இன்னொரு டிரெஸ் மாதிரி ஒளிச்சு வச்சிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே உதை, ஒரே நிலை. ஆனா அண்ணனோட ஃப்ரெண்ட்ஸ் எட்டி எடுத்தா "பட்டன் தட்டறான்"னு சொல்லுவாங்க, நான் கிறிஸ்டி எடுத்து ஜெயிச்சா "பொண்ணுங்களுக்கு ஏத்த கேரக்டர்"னு சொல்லுவாங்க. நான் நோட்டுல மூவ் லிஸ்ட் எழுதி வச்சிருந்தேன், நாலு பக்கம், இந்தப் பக்கம் பேரு அந்தப் பக்கம் பட்டன், எதுக்கு அப்புறம் எது வரும்னு அம்புக்குறி போட்டு. நான் தட்டல, படிச்சேன். அதை யாரும் நம்பல.

எட்டி ஆடற சண்டைக் கலையான காபோய்ரா பத்தியும் சொல்லணும், எட்டியைத் திட்டறவங்க அதைக் கேலி பண்றதைப் பாத்தா எனக்குக் கஷ்டமா இருக்கும். பிரேசில்ல அடிமைகளா கொண்டு வந்த ஆப்பிரிக்க ஜனங்க உண்டாக்கின கலை அது. 1890ல சட்டம் போட்டு தடை பண்ணினாங்க, ஆடினா ஜெயில். மெஸ்த்ரே பிம்பாங்கறவர் 1932ல சால்வடார்ல முதல் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு, அதுக்கப்புறம்தான் அது மரியாதையா வெளிய வந்துச்சு, 2014ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. எட்டி ஒரு இடத்துல நிக்காம ஆடிட்டே இருக்கான் பாருங்க, அது ஜிங்கா, அந்தக் கலையோட அடிப்படை நடை. டெக்கன் 3க்கு மார்செலோ பெரேராங்கற நிஜ காபோய்ரா ஆசானை வச்சு அசைவைப் பதிவு பண்ணினாங்க. கோயில் திருவிழாவுல சிலம்பம் சுத்தறவங்க கால் மாத்தி வைக்கறதைப் பாத்து வளர்ந்தவ நான், ஜிங்காவை முதல்ல பாத்தப்போ அந்நியமாவே தோணல. எந்தப் பக்கம் போவான்னு எதிராளிக்குக் காட்டாம இருக்கறதுதான் ரெண்டுலயும் கலை. அதனால எட்டியோட உதை எது வரும்னு தெரியல, குழப்பறான்னு நீங்க குறையா சொல்றது அந்தக் கலையோட உசுரு.

அவன் கதையும் பாருங்க. வசதியான வீட்டுப் பையன், அப்பாவைக் கொன்னுட்டாங்க, உசுரு பொழைக்க அந்தக் கொலையைத் தானே பண்ணினதா ஒத்துக்கிட்டு எட்டு வருஷம் ஜெயில், அங்க ஒரு வயசான ஆசான்கிட்ட இந்தக் கலையைக் கத்துக்கறான். கிறிஸ்டி அந்த ஆசானோட பேத்தி. கண்டபடி பட்டன் தட்டறதுக்குன்னு செஞ்ச கேரக்டருக்கு யாரும் இப்படி ஒரு கதை எழுத மாட்டாங்க. டெக்கன் 7ல கிறிஸ்டி இல்லன்னு தெரிஞ்சப்போ எனக்கு நிஜமாவே அழுகை வந்துச்சு.

அரவேணு_லெஃப்ட்

விசில் அக்கா, அருமை. ஒரு விஷயம் மட்டும் சேக்கறேன். எங்க வீட்டுல எல்லாரும் நல்ல கருப்பு, ஸ்கூல்ல அதுக்குன்னே பட்டப்பேரு வச்சிருந்தாங்க. கேம்ல கருப்பா ஒருத்தன், சடை சடையா முடி, பச்சை மஞ்சள்ல டிரெஸ், அவன் வந்து எல்லாரையும் உதைச்சுத் தள்றான். நான் எட்டி எடுத்தது அதுக்காகத்தான், ஈஸின்னு எடுக்கல. எல்லாரும் திட்டினாலும் மாத்தல.

பனிக்காலம்_ஊட்டி

அரவேணு நண்பா, உங்க பதிவைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல. விசில், உங்ககிட்டயும் ஒண்ணு, எங்க கடையிலயும் வாசல்ல பொண்ணுங்க நின்னு பாப்பாங்க, ஒருத்தரையும் நாங்க உள்ள வாங்கன்னு கூப்பிட்டதில்ல. அது எங்க தப்பு.

ஆனா ஆட்டம்னு வந்தா என் வாதத்தை முழுசா விடல. கலை வேற, கதை வேற, ஆட்டத்துக்குள்ள அவன் எப்படி இருக்கான்கறது வேற. எட்டிக்கு எதிரா ஆட நான் எட்டியைப் படிக்கணும், அவனைப் படிக்காம என் ஆட்டத்தை ஆட முடியாது. பால் எதிர்ல இருந்தா அடிப்படை தெரிஞ்சாப் போதும், சமாளிச்சுடலாம். எட்டின்னா தனி பாடப் புஸ்தகம். தெரிஞ்சவன்கிட்ட பல்லு இல்லாத பாம்பு, தெரியாதவன்கிட்ட ராஜநாகம், நடுவுல ஒண்ணுமே இல்ல. அது நல்ல வடிவமைப்பான்னு கேக்கறேன். பெரிய போட்டியில எட்டியை எடுத்துட்டு வர்றவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். 2019ல லாகூர்லருந்து அர்ஸ்லான் ஆஷ் வந்து ஈவோங்கற பெரிய சண்டை கேம் போட்டியில, ஈவோ ஜப்பானும் லாஸ் வேகஸ் ஈவோவும் ஒரே வருஷத்துல ஜெயிச்சாரு, அவர் எடுத்தது கசுமி, அடிப்படை சுத்தமா இருக்கற கேரக்டர். ஜெயிக்கணும்னு வர்றவங்க எட்டியை ஏன் எடுக்கறதில்ல?

கோத்தகிரி_கிக்

இது நல்ல கேள்வி, சுத்தி வளைக்காம பதில் சொல்றேன். மேல் மட்டத்துல எட்டி ரொம்ப பலமான ஆளு இல்ல, அதான் காரணம். எல்லாருக்கும் எல்லா மூவும் தெரிஞ்ச இடத்துல அவனோட குழப்பம் வேலை செய்யாது, திருப்பி அடிக்கற அடியும் பலமில்ல, அப்போ அவன் கையில மிச்சம் என்ன இருக்கு? டெக்கன் 8ல மாண்டிங்கான்னு புது நிலை குடுத்திருக்காங்க, அது அவனுக்கு நல்ல உதவி, இருந்தாலும் முதல்லயே வேலை பாத்து அதை ஏத்தணும்.

ஆனா நீங்க சொல்ற அதே விஷயம்தான் என் பக்கத்து சாட்சியும். ஒருத்தன் பட்டன் தட்டினா ஜெயிக்கற கேரக்டர்னா மேல் மட்டத்துலயும் ஜெயிக்கணும்ல? தலைகீழா நின்னாலும் அங்க ஜெயிக்க முடியல, அவன் நிஜமாவே தலைகீழாத்தான் நிக்கறான். தட்டற எட்டி எங்க நிக்கறான்னா, எதிராளிக்குத் தடுக்கத் தெரியாத வரைக்கும் நிக்கறான். அதுக்கு அப்புறம் எட்டி ஆடணும்னா எந்த உதையைப் பாதியில நிறுத்தணும், எப்ப படுக்கணும், எப்ப படுக்கற மாதிரி காட்டிட்டு எந்திரிக்கணும், எல்லாம் யோசிக்கணும். அக்கா பையனை ஜெயிச்ச மூணு மேட்ச்லயும் நான் பாதி உதைச்சு நிறுத்திட்டு அவன் உக்காருவான்னு காத்திருந்தேன், ஒவ்வொரு தடவையும் அவன் உக்காந்தான், மிட் வச்சேன். நான் அவனைப் படிச்சேன், அவன் என் கையை மட்டும் பாத்தான்.

தனிப் பாடப் புஸ்தகம்னு சொன்னீங்க, அது சரிதான், அந்தக் குறையை ஒத்துக்கறேன். ஆனா கிங்கோட பிடிக்கும் தனிப் புஸ்தகம் வேணும், யோஷிமிட்சுவுக்கும் வேணும். அவங்களை யாரும் அட்டை எழுதித் தடை பண்ணலையே.

கொடை_மேகம்

அட்டை எழுதினவங்க சார்பா ஒண்ணு சொல்லிடறேன். நானும் எங்க சென்டர்ல ஒரு மாசம் எட்டியைத் தடை பண்ணினேன். அது கேரக்டர் மேல கோபம் இல்ல. தோத்த பையன் கோபத்துல கீபோர்டை மேஜை மேல ஓங்கி அடிப்பான், ஒரு கீபோர்டு உடைஞ்சா எனக்கு ரெண்டு நாள் வருமானம் போச்சு. மத்த கேரக்டர்கிட்ட தோத்தா அடுத்த ஆட்டத்துக்கு காசு குடுப்பான், எட்டிகிட்ட தோத்தா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவான். பனிக்காலம் தம்பி சொன்னாரே, கத்துக்க ஒண்ணும் இல்லன்னு, அந்த உணர்ச்சிதான் காரணம். கோத்தகிரி தம்பி, உங்க கடைக்காரரும் உங்களை அழ வைக்கணும்னு எழுதிருக்க மாட்டாரு. அன்னிக்கு யாராவது ஒருத்தர் அந்தப் பசங்களுக்கு "பெரிய சுத்து மட்டும் உக்காந்து தடு, மத்ததை வாங்கிக்கோ"ன்னு சொல்லிக் குடுத்திருந்தா அட்டையே தேவைப்பட்டிருக்காது. எனக்கும் அப்போ தெரியாது.

கோத்தகிரி_கிக்

அண்ணா, நன்றி. அவர் மேல எனக்குக் கோபம் இல்லீங்க. அட்டை மாட்டி ரெண்டு வாரம் கழிச்சு, கடை மூடற நேரத்துல, ஒருத்தரும் இல்லாதப்போ என்னைக் கூப்பிட்டு "இப்ப எடுத்துக்கோடா"ன்னு அவரே உக்காந்து என்னோட ஒரு மேட்ச் ஆடினாரு. காசு வாங்கல.

கூடலூர்_பையன்

அண்ணா நாலு நாளா மழை, நீங்க சொன்ன மாதிரி ப்ராக்டிஸ் மோட் போட்டேன். முதல் நாள் பத்துக்கு ஒண்ணு கூட வரல. தோளைப் பாருன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு அப்புறம் மெல்ல வந்துச்சு. நேத்து ராத்திரி பத்துக்கு ஆறு லோ பாரி. ஆனா அவன் படுத்துட்டு அங்கிருந்து உதைச்சா மட்டும் இன்னும் தெரியல, அதுக்குத் தோளே கண்ணுக்குத் தெரியல.

கோத்தகிரி_கிக்

ஆறு ரொம்ப நல்ல கணக்கு தம்பி, எனக்கு முதல் வாரம் மூணுதான் வந்துச்சு. படுத்துட்டா தோளைத் தேடாத, அவன் படுத்த உடனே நீ முந்திக்கோ. அவனால தடுக்க முடியாதுன்னு சொன்னேன்ல, வேகமான மிட் ஒண்ணு வை, கீழ் முன் குறுக்கோட ஸ்கொயர், பெரும்பாலான கேரக்டருக்கு அதுதான். அது ஒரு தடவை அவன் மேல பட்டுட்டா பின்னாடி நகர்ந்து நில்லு, அவனா எந்திரிச்சு வருவான்.

பனிக்காலம்_ஊட்டி

பையா, அந்த ரெக்கார்டிங்ல நீ எந்த மூணு உதையைப் பதிவு பண்ணினன்னு பட்டனோட எழுது. நானும் இன்னிக்கு ராத்திரி போட்டுப் பாக்கறேன். எட்டியை எனக்கு இன்னும் பிடிக்கல, ஆனா அந்தப் பக்கத்து தெரு பையன் இப்ப திருப்பூர்ல இருக்கான், பொங்கலுக்கு ஊருக்கு வரான், இன்னமும் எட்டிதான் எடுக்கறான்.